சின்ன ஊர் அரசுக் கல்லூரியில் முதல் செமஸ்டரை ஓட்டுவது எப்படி?

பிளஸ் டூ முடித்து, ஏதோ ஒரு தாலுகா ஊரின் அரசு கலை அறிவியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். மாவட்டத் தலைநகரில் இருக்கும் பழைய பெரிய கல்லூரிகளைப் பற்றி நான் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரே ஒரு மாடிக் கட்டடம், ஐந்தாறு துறைகள், எல்லாரையும் சேர்த்தால் எழுநூறு எண்ணூறு பேர். அந்த மாதிரிக் கல்லூரி. சொந்தக் கட்டடம் எழும்பும்வரை பள்ளிக்கூடத்தின் நாலு அறைகளில் நடக்கும் கல்லூரிகளும் உண்டு. பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கிப் பிறகு அரசுக் கல்லூரியாக மாறியவையும் உண்டு.

அப்படி ஒன்றில்தான் நான் பி.ஏ. வரலாறு படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். முதல் செமஸ்டரில் நான் பட்ட பாட்டுக்கும் பாடப் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் யாரும் எடுத்துச் சொல்லாத விதிகளால் வந்தது. பள்ளியில் வகுப்பாசிரியர் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்வார். இங்கே பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் சின்னக் கல்லூரியில் ஒரு வசதி இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆள் எப்போதும் இருபதடி தூரத்தில்தான் இருப்பார். போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சேரும் நாளுக்கு முன்னால்

முதலில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். டி.சி., பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாவற்றையும் பத்துப் பத்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஐந்து போதாதா என்று கேட்காதீர்கள். சேர்க்கைக்கு ஒரு செட், துறைக்கு ஒரு செட், உதவித்தொகைக்கு ஒரு செட், விடுதிக்கு ஒரு செட் என்று ஒரே மாதத்தில் காலியாகிவிடும். டி.சி.யின் அசல் கல்லூரியிலேயே இருந்துவிடும், அதனால் கொடுப்பதற்கு முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற அசல்களை வாங்கி வைத்துக்கொண்டால் என்றைக்குத் திருப்பித் தருவார்கள் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால் பின்னாளில் உதவித்தொகை வரும்போது சிக்கும். முடிந்தால் சேர்வதற்கு முன்பே இ-சேவை மையத்தில் சரிசெய்துவிடுங்கள். கல்லூரி ஆவணங்களுக்கெல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான் அடிப்படை.

அரசுக் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம் போன்றவை மட்டும் இருக்கும். கட்டியதற்கான ரசீதைப் பட்டம் வாங்கும்வரை தொலைக்கக் கூடாது. கடைசி ஆண்டில் நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்ற) கையெழுத்து வாங்கப் போகும்போது அந்தத் தாளின் அருமை தெரியும்.

இன்று திங்கட்கிழமை இல்லை, மூன்றாம் நாள்

கல்லூரியில் எனக்கு முதலில் தலை சுற்றியது டே ஆர்டரில்தான். பள்ளியில் திங்கள் என்றால் திங்களின் பாடவேளை. இங்கே கிழமைக்கு மதிப்பே இல்லை. ஒன்று முதல் ஆறு வரை நாள் வரிசை ஓடும். புதன்கிழமை மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புதன் விடுமுறையாகிவிட்டால் மூன்றாம் நாள் வியாழனுக்குத் தள்ளிப்போகும், அது அங்கிருந்து அப்படியே நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் காலையில் கல்லூரிக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அலுவலக வாசலில் இருக்கும் கரும்பலகை. அன்றைய டே ஆர்டர் அதில் எழுதியிருக்கும். எழுதாத நாளில் சீனியரைக் கேளுங்கள்.

ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஐந்து வகுப்புகள், ஆறு நாள் சுற்றுக்கு 30 மணி நேரம். சில கல்லூரிகளில் காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் என்று இரண்டு உண்டு. மதிய ஷிஃப்ட் கிடைத்தால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைச் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள், குறிப்பாக ஊர் உள்ளே தள்ளி இருந்தால்.

தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் பல துறை மாணவர்களை ஒன்றாக உட்கார வைப்பார்கள். கணக்குத் துறைப் பையனும் வரலாற்றுப் பெண்ணும் நண்பர்களாவது அந்த வகுப்பில்தான். அங்கே கடைசி பெஞ்சைப் பிடிக்காதீர்கள், அறுபது எழுபது பேர் இருக்கும் அறையில் பின்னால் ஒன்றும் காதில் விழாது. இன்னொரு சின்னச் சங்கதி. மற்ற துறைகளில் சார், மேடம் என்றால் போதும். தமிழ்த்துறையில் பெரும்பாலும் ஐயா, அம்மா என்றுதான் அழைப்பார்கள். நான் முதல் நாள் "சார்" என்று கூப்பிட்டு, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மதிப்பெண் கணக்கு

மூன்றாண்டுப் படிப்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று உங்கள் முதன்மைப் பாடமும் அதன் துணைப் பாடங்களும். துணைப் பாடத்தைப் பழைய ஆட்கள் 'அலைடு' என்பார்கள், இப்போது 'எலெக்டிவ்' என்ற பெயர் வந்திருக்கிறது. பகுதி நான்கில் திறன் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. ஐந்தாவது, என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) போன்ற விரிவாக்கப் பணி. ஒவ்வொரு தாளிலும் தேறினால் கிடைக்கும் புள்ளிக்குக் கிரெடிட் என்று பெயர். மொத்தம் பெரும்பாலும் 140 கிரெடிட். ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் நிற்கும். "வேல்யூ எஜுகேஷன்தானே" என்று படிக்காமல் போய் அரியர் (தேறாமல் திரும்ப எழுத வேண்டிய தாள்) வைத்தவர்களை எனக்குத் தெரியும். முதன்மைப் பாடத்தில் முதல் வகுப்பு, இதில் அரியர்!

ஒவ்வொரு தாளுக்கும் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேர்ச்சிக்கு 40. இதில் ஒரு குழி இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மொத்தம் 40 எடுத்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாக 75க்கு 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னல் 22, எழுத்துத் தேர்வு 27 என்றால் கூட்டினால் 49 வருகிறது, ஆனாலும் ஃபெயில். இன்டர்னல் நன்றாக வந்துவிட்டது என்று மிதப்பில் இருப்பவர்கள் விழுவது இங்கேதான். அதற்காக இன்டர்னலை விடவும் கூடாது. இரண்டு மூன்று தேர்வு, அசைன்மென்ட், செமினார், வருகைப் பதிவு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த 25. அசைன்மென்ட்டைச் சொன்ன தேதியில் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

சின்னக் கல்லூரிகள் அநேகமாகப் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளாக இருக்காது, ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும். உங்கள் ஆசிரியருக்குக் கேள்வித்தாள் எப்படி வரும் என்று தெரியாது. திருத்துவதும் வேறு யாரோ. அதனால் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து பாடத்திட்டத்தை இறக்கி, அச்செடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து அலகுகள் இருக்கும். வகுப்பில் எந்த அலகு விட்டுப்போனது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். சீனியரிடமிருந்து பழைய கேள்வித்தாள்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் தாளின் குறியீடும் மாறியிருக்கும், அதைச் சரிபார்க்காமல் படிக்காதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கடைசி வாரத்தில் புரட்டுவதற்குச் சரி. அதையே பாடம் என்று நம்பினால் எழுத்துப்பிழையோடு மனப்பாடம் செய்துவிடுவீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. உங்கள் படிப்பு தமிழ்வழியா ஆங்கிலவழியா, தேர்வைத் தமிழில் எழுதலாமா என்பதைத் துறைத்தலைவரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் ஒரு சின்ன நோட்டில் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி வாருங்கள். நாளைக்கு ஐந்து சொல் போதும்.

வருகைப் பதிவு

செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வேண்டும். அதாவது சுமார் 68 நாள் இருந்தாக வேண்டும், 22 நாள்தான் கையிருப்பு. கேட்க நிறைய மாதிரித் தெரியும். ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள், அக்கா கல்யாணத்துக்கு மூன்று நாள், காய்ச்சலுக்கு ஐந்து நாள், அறுவடைக்கோ கடலை பறிக்கவோ நாலு நாள், மழையில் பஸ் வராத இரண்டு நாள் என்று போட்டுப் பாருங்கள், பதினெட்டு ஆகிவிட்டது. 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் பல பல்கலைக்கழகங்களில் அபராதம் கட்டித் தேர்வு எழுத விடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது. 50க்கும் கீழே என்றால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

வேலைக்குப் போகிற பையன்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போவது, ஜவுளிக்கடையில் நிற்பது எல்லாம் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் செய்ததுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் முதல் வருடச் செலவும் பந்தியில் பரிமாறிய காசுதான். ஆனால் நேரத்தைப் பாருங்கள். ஆவணி முகூர்த்தம் இன்டர்னல் தேர்வு நேரத்தில் வரும். ஜவுளிக்கடை ஆள் கேட்பது தீபாவளிக்கு முந்தைய மாதம், பல்கலைக்கழகத் தேர்வு நவம்பரில். இரண்டும் மோதும். தீபாவளிச் சம்பளத்தை நம்பி மாதம் முழுக்க லீவு போட்டவர்கள் நவம்பரில் வெளியே நின்றார்கள். வார விடுமுறை நாள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஸ்ஸால் தாமதமாகிறது என்றால் தினமும் ஓடி வந்து வாசலில் நின்று திட்டு வாங்காதீர்கள். எங்கள் வழித்தடத்து பஸ் முதல் வகுப்பு தொடங்கிக் கால் மணி கழித்துத்தான் வரும். மூன்று வாரம் திட்டு வாங்கினோம். பிறகு அந்த பஸ்ஸில் வருகிற பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதினோம். முதல்வர் அதில் தன் பங்குக்கு நாலு வரி எழுதிப் பணிமனைக் கிளை மேலாளருக்கு அனுப்பினார். பஸ் நேரம் மாற இரண்டு மாதம் ஆனது. ஆனால் எங்களைத் திட்டுவது அன்றைக்கே நின்றுவிட்டது.

அலுவலகமும் உதவித்தொகையும்

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை, ஆனால் உங்கள் தடத்தில் ஓடுவது புறநகர்ப் பேருந்து என்றால் அது செல்லாது. அதனால் பெண்களும் பாஸுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கியவை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இதுபோக ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைகள் தனி. எல்லாவற்றுக்கும் அடிப்படை யூமிஸ் எண். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததல்லவா, அதன் கல்லூரி வடிவம். உங்கள் விவரம் அதில் ஏறிவிட்டதா, பெயர் சரியா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டுக் கண்ணால் பாருங்கள்.

பணம் வராமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் முக்கால்வாசி வங்கியில்தான் இருக்கும். பள்ளியில் ஆரம்பித்த கணக்கு மூன்று வருடம் பயன்படுத்தாமல் முடங்கிப்போயிருக்கும். அல்லது ஆதார் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கும், பணம் அங்கே போய் விழுந்துகொண்டிருக்கும், நீங்கள் இங்கே பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அல்லது ஆதாரில் இருக்கும் மொபைல் எண் அப்பாவின் பழைய சிம், அது எப்போதோ செத்திருக்கும், ஓ.டி.பி. வராது. ஜூலையிலேயே வங்கிக்குப் போய் "எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது?" என்று ஒரே கேள்வி கேட்டுவிடுங்கள். ஒரு நாள் லீவு போனாலும் பரவாயில்லை.

வீடு தொலைவு என்றால் அரசு விடுதிகள் உண்டு, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும், மாணவிகளுக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை. கல்லூரி திறந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள், இடம் குறைவு.

அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் "லெட்டர் எழுதிக் கொண்டு வா" என்பார்கள். பையில் எப்போதும் நாலு வெள்ளைத்தாள் இருக்கட்டும். அனுப்புநரில் பெயர், வகுப்பு, பதிவு எண். பெறுநர் முதல்வர். நடுவில் 'துறைத்தலைவர் வழியாக' என்று ஒரு வரி, இதை விட்டால் திருப்பி அனுப்புவார்கள். பொருள் என்று ஒரே வரி. அதன்கீழ் என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று மூன்று வரி. போனஃபைட் சான்றிதழ் (இங்கே படிக்கிறார் என்பதற்கான சான்று) என்றால் வங்கிக்கா, பஸ் பாஸுக்கா, உதவித்தொகைக்கா என்று எழுத வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் கட்டணம் கட்டும் கடைசி நாளிலும் போகாதீர்கள். அலுவலக உதவியாளர் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒரு வணக்கம் வையுங்கள். முதல்வர் எப்போது அறையில் இருப்பார், எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

சாப்பாடு, தண்ணீர், நூலகம்

கேன்டீன் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எதிரில் ஒரு டீக்கடை, வாசலில் ஒரு பெட்டிக்கடை இருந்தால் பெரிது. டிபன் பாக்ஸ் கொண்டு போங்கள். முதல் வாரம் எல்லாரும் தனித்தனியாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், புளிச்சாதமும் ஊறுகாயும் என்று காட்டக் கூச்சமாக இருக்கும். இரண்டாவது வாரம் வேப்பமரத்தடியில் பத்து டப்பா வட்டமாகத் திறந்திருக்கும், அதில் எட்டு புளிச்சாதம்தான் என்று தெரியும். காலையில் சாப்பிடாமல் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களைத் தெரிந்துகொண்டு ஒரு கரண்டி கூட வைத்து எடுத்து வருவது எங்கள் செட்டில் பழக்கம். தண்ணீர் பாட்டில் அவசியம். கழிப்பறை வசதி பற்றி மாணவிகள் சீனியர் அக்காக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரியில்லை என்றால் தனியாக முணுமுணுக்காமல் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

நூலகம் ஓர் அறைதான் இருக்கும், நூலகர் பணியிடம் காலியாகக்கூட இருக்கலாம். அப்படியானால் யாராவது ஓர் ஆசிரியரிடம் சாவி இருக்கும், யார் என்று விசாரியுங்கள். போதாததற்கு ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம், வரலாறும் தமிழும் படிப்பவர்களுக்கு அது பெரிய புதையல்.

சீனியர்கள், ஆசிரியர்கள்

சின்னக் கல்லூரியில் சீனியர் என்பவர் பெரும்பாலும் உங்கள் பஸ்ஸில் வருகிறவர், பக்கத்து ஊர்க்காரர். அண்ணா, அக்கா என்று பேசினால் புத்தகம் முதல் பழைய ரெக்கார்ட் நோட்டு வரை கிடைக்கும். மீறி யாராவது மிரட்டினால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. 1996இல் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்து சட்டமே வந்தது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

ஆசிரியர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்களாக, அதாவது நிரந்தரப் பணி இல்லாத தற்காலிக ஆசிரியர்களாக இருப்பார்கள். ஒரு துறைக்கு நாலைந்து பேர்தான். மூன்று வருடமும் அவர்கள்தான் உங்களுக்கு. இரண்டாம் மாதத்துக்குள் உங்கள் பெயர், ஊர், அப்பா என்ன வேலை என்பது வரை தெரிந்திருக்கும். இதில் தொல்லையும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் நின்றால்கூட மறுநாள் கேள்வி வரும். ஆனால் முப்பது தாளில் உங்கள் கையெழுத்தை அடையாளம் காண்கிற ஆசிரியர் பெரிய கல்லூரியில் கிடைப்பது கஷ்டம். எம்.ஏ. எங்கே சேரலாம், எந்தத் தேர்வு எழுதலாம் என்று எனக்குச் சொன்னவர் ஒரு கௌரவ விரிவுரையாளர்தான், அதுவும் டீக்கடை பெஞ்சில்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் "நாளை லீவு" செய்தியை நம்பாதீர்கள். வகுப்புப் பிரதிநிதியை அழைத்துக் கேளுங்கள்.

என்.எஸ்.எஸ்.ஸில் சேருங்கள் என்பது என் கட்சி. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஒரு ஏழு நாள் முகாம். மேடையில் மைக் பிடிக்க, நூறு பேருக்குச் சமையல் ஏற்பாடு செய்ய, பஞ்சாயத்துத் தலைவரிடம் போய்ப் பேச அங்கேதான் கற்றேன். விளையாட்டும் அப்படித்தான். பெரிய கல்லூரியில் கபடி அணிக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள், இங்கே ஏழு பேர் சேர்வதே பாடு. போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாக வெளியே போனதாகக் கணக்கு) கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், திரும்பி வந்து கேட்டால் ஆப்சென்ட்தான்.

தேர்வுக்கு முந்தைய மாதம்

தேர்வுக் கட்டணம் கட்டும் தேதி பலகையில் வரும். பத்து நாள்தான் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தாண்டினால் அபராதம், அதையும் தாண்டினால் அந்த செமஸ்டர் போச்சு. பணம் இல்லை என்றால் கடைசி நாளுக்கு முன்பே துறைத்தலைவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஆசிரியர்கள் சேர்ந்து கட்டிவிட்ட சம்பவங்களை ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருவனையும் பார்த்திருக்கிறேன்.

ஹால் டிக்கெட் வந்ததும் பெயர், புகைப்படம், தாள்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு தாளின் குறியீடு, காலையா மதியமா என்பது வரை பாருங்கள். ஒரு தாள் விட்டுப்போயிருந்தால் அன்றே அலுவலகத்துக்கு ஓடுங்கள், தேர்வு நாளில் ஒன்றும் செய்ய முடியாது.

முடிவு வந்து ஒரு தாள் போய்விட்டது என்றால் முதலில் மறுமதிப்பீட்டுக்கான தேதியைப் பாருங்கள், அது சீக்கிரம் முடிந்துவிடும். விடைத்தாள் நகல் தருகிற பல்கலைக்கழகம் என்றால் நகலை வாங்கி ஆசிரியரிடம் காட்டி, பிறகு முடிவெடுங்கள். மாறாது என்று அவர் சொன்னால் காசை மிச்சம் பிடித்து, ஏப்ரல் தேர்வுக்குக் கட்டணம் கட்டும்போது அந்த அரியர் தாளின் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள்.